வேண்டாத முடி

என் தலைமுடி சுருட்டை. விளம்பரங்களில் தோளில் புரண்டு வருகிற சுருட்டை இல்லை. உள்ளே விட்ட சீப்பு அங்கேயே குடித்தனம் நடத்துகிற ரகம். கொடைக்கானலில் பிறந்தவளுக்கு இந்த முடி வாய்த்தது கூடுதல் சோதனை. காலையில் எண்ணெய் வைத்து, தண்ணீர் தொட்டு, இழுத்துப் பின்னி அனுப்புவாள் அம்மா. மேகம் இறங்கிப் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்ததும் அத்தனையும் வீண். நெற்றியைச் சுற்றிப் புசுபுசுவென்று கிளம்பிவிடும். எனக்குப் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று புகார் போகும். டீச்சரும் விசாரித்து, நியாயமாகத் தீர்ப்பளித்து, என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவார்.

வீட்டில் முடியை நேராக்க எங்களுக்குத் தெரிந்த முதல் சாதனம் இஸ்திரிப் பெட்டி. ஆண்டு விழா அன்று அம்மா என்னை மேஜைக்குப் பக்கத்தில் மண்டி போட வைப்பாள். தலையைச் சாய்த்து, முடியைப் போர்வை மடிப்பின்மேல் பரப்பி, ஈரத் துண்டைப் போட்டு, பள்ளிச் சீருடையைத் தேய்ப்பது போலவே தேய்ப்பாள். காதுக்குப் பக்கத்தில் பெட்டி வரும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்கும். பயமாக இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. சொன்னால் சுருட்டையோடு மேடை ஏற வேண்டும்.

படித்து முடித்து ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த பிறகு, முடியை நேராக்கும் மின்சாரக் கருவி ஒன்று வாங்கினேன். அம்மா அதைக் 'கம்பி' என்பாள். வெள்ளனே எழுந்து, கம்பியைச் சொருகி, முடியைக் கத்தை கத்தையாகப் பிரித்து அதற்குக் கொடுத்து எடுப்பேன். பல் விளக்குவது போல அதுவும் தினப்படிச் சோலி ஆகிவிட்டது. ஹோட்டலுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "உங்க ஹேர் நேச்சுரலா?" என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டே அறைச் சாவியைக் கொடுத்துவிடுவேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது எடுத்த போட்டோவில் இருந்ததும் அந்தக் கம்பி முடிதான். பாலசமுத்திரத்தில் ஒரு குடும்பம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா. பையன் பழனி டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவருடைய அம்மா என் போட்டோவைக் கையில் வாங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "முடி நல்லா நீட்டமா இருக்கே" என்பதாம். தரகர் இதை எங்கள் வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். அம்மா என்னை நேராகப் பார்க்கவில்லை.

பெண் பார்க்க அவர்கள் மேலே வந்த அன்று நல்லவேளையாக வெயில் அடித்தது. முடி நேராக நின்றது. உறுதி செய்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. அவர்கள் கார் வளைவு திரும்பியதும் அம்மா கவலைப்பட ஆரம்பித்தாள்.

"அங்க போயித் தினம் காலையில கம்பியச் சொருகிக்கிட்டு நிப்பியா? மாமியா பாக்க மாட்டாங்களா? என்னமோ ஏமாத்திட்டோம்னு நெனைக்க மாட்டாங்க?"

"ஏமாத்தத்தானம்மா செஞ்சோம்," என்றேன்.

"ஏமாத்துறதுக்கு என்ன இருக்கு. நெரந்தரமா நேராக்கிட்டா அது ஒன் முடிதான்."

பார்லருக்குப் போனால் ஊரே பேசும் என்பது அம்மாவின் கணக்கு. கொடைக்கானலில் பார்லர்கள் நிறைய இருந்தாலும் வாய்கள் அதைவிட நிறைய. ஆகவே, ஆன்லைனில் க்ரீம் வாங்கினோம். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்றெல்லாம் இல்லை, வளர்ந்து வரும்வரை நேர்தான் என்று அட்டையில் போட்டிருந்தது. எவ்வளவு நேரம் தலையில் வைத்திருக்க வேண்டும், அதற்குமேல் ஒரு நிமிஷமும் வைக்கக் கூடாது என்பதும் அதே அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் படித்துக் காட்டினேன். அதை அம்மா காதில் போட்டுக்கொண்டாள் என்பதற்குச் சாட்சி நானே.

அம்மாவின் தொழில் இட்லி மாவு. எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவில் இருந்த இரண்டு மெஸ்ஸுக்கும் அவள்தான் மாவு ஆட்டிக் கொடுத்தாள். மலையில் மாவு புளிக்க வைப்பது தனி வித்தை. கீழே ஒரு பொழுதில் பொங்குகிற மாவு மேலே மறுநாள் ஆனாலும் கல்லு மாதிரி கிடக்கும். குண்டானுக்கு ஸ்வெட்டர் மாட்டி, மேலே கம்பளியைச் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பாள் அம்மா. தயிரையும் அப்படித்தான் உறைய வைப்பாள். எங்கள் வீட்டில் எங்களுக்கு முந்தி குண்டான்களுக்குத்தான் ஸ்வெட்டர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேகம் ஜன்னலை மூடிக்கொண்டு நின்றது. அம்மா கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு க்ரீமைத் தடவினாள். முட்டை அழுகின மாதிரி ஒரு நெடி. அட்டையில் சொன்ன நேரம் ஆனதும் எழுந்தேன். அம்மா தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒக்காரு. இது மெட்ராஸ்காரிக்குப் போட்ட நேரம். அங்க மாவு மத்தியானத்துக்குள்ள பொங்கிரும். நம்ம குளுருல எது வெரசாப் பிடிச்சிருக்கு?"

"இது மாவு இல்லம்மா."

"எல்லாம் சூட்டுலதான் வேலை செய்யும். ஒனக்கென்ன தெரியும், ஒக்காரு."

நான் உட்கார்ந்தேன். அந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. அதுதான் என் எரிச்சலுக்கெல்லாம் மூலம். பிறந்ததிலிருந்து எதுவும் தாமதமாகவே பிடிக்கிற ஊரில் இருந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? அம்மா என் தலையில் பழைய துண்டைச் சுற்றி, அதற்குமேல் கம்பளிக் குல்லாயை மாட்டி, கெரசின் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தலை எரிந்தது. சொன்னேன். "பிடிக்குது, அதான் எரியுது" என்றாள்.

குல்லாயைக் கழற்றியபோது துண்டோடு ஒரு கத்தை வந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கால்மாட்டில் முடி சேர்ந்தது. கையில் எடுத்தால் வெந்த சேமியா போல இழுபட்டு அறுந்தது. அம்மா தண்ணீர் மொண்டு ஊற்றுவதை நிறுத்தவே இல்லை. ஊற்றினால் சரியாகிவிடும் என்பது போல ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். அங்கங்கே திட்டுத் திட்டாகச் சொட்டை; மிச்சம் இருந்தது மட்டும் நேராக நின்றது. அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதுவதற்கில்லை.

அன்று பகல் முழுக்க அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. டாக்ஸி ஓட்டிவிட்டு வந்த அப்பா என்னைப் பார்த்துவிட்டுத் தன் மப்ளரைக் கழற்றி என் தலையில் சுற்றினார். பொழுது சாய்ந்த பிறகு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பழனிக்குப் போயிருவோம்."

"எதுக்கு?"

"எறக்கிருவோம். பழனியில மொட்டைத் தலைய யாரு திரும்பிப் பாக்கப் போறா? வேண்டுதல்னு சொன்னா முடிஞ்சு போச்சு. சாமி காரியத்த யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்க."

அழுதுகொண்டிருந்தாலும் அதில் இருந்த சாமர்த்தியம் எனக்கு உறைத்தது. வேறு எந்த ஊரிலும் கல்யாணம் நிச்சயமான பெண் மொட்டையோடு வந்தால் வீட்டில் என்னவோ நடந்துவிட்டது என்பார்கள். எங்கள் மலையைச் சுற்றி மட்டும் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கினோம். முடி இறக்குகிற இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களுக்கு ஆன நேரத்தில் பாதிகூட எனக்கு ஆகவில்லை. தலையில் சந்தனம் பூசியதும் எரிச்சல் அடங்கியது; வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், சுகமாக இருந்தது. "வந்தது வந்தோம்" என்று அம்மா மலை ஏறக் கூப்பிட்டாள். சந்நிதியில் என்னால் எதையும் கேட்க முடியவில்லை. எல்லாரும் கொடுக்க வந்தவர்கள். நான் கொட்ட வந்தவள்.

எல்லாம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எதிரே வந்தார் என் வருங்கால நாத்தனார். மாப்பிள்ளையின் அக்கா, பழனியிலேயே வாழ்க்கைப்பட்டவர். கட்டைப் பையில் காய்கறியோடு வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னாளே, அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"என்ன வேண்டுதலு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த வாரம் அவருடைய அம்மாவுக்கு, அதாவது என் வருங்கால மாமியாருக்கு, மதுரையில் இருதய வால்வு ஆப்பரேஷன் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா முந்திக்கொண்டாள்.

"சம்பந்தியம்மாவுக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டா. கல்யாணத்த வச்சுக்கிட்டு வேணாம்டீன்னு எம்புட்டோ சொன்னோம். கேக்க மாட்டேன்னுட்டா."

நாத்தனாரின் பை கீழே விழுந்தது. தக்காளி உருண்டு ஓடியது. அவர் என்னைக் கட்டிக்கொண்டு, சந்தனத் தலையில் முகத்தை வைத்து, அத்தனை பேர் நடுவில் அழுதார். நான் மரம் மாதிரி நின்றேன். அதையும் அவர் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

மேலே போகிற பஸ்ஸில் பெருமாள்மலை வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "வாய் தவறி வந்துருச்சு" என்றாள்.

"வேண்டிக்கிட்டாங்கிறது வாய் தவறி வரும். கேக்க மாட்டேன்னுட்டாங்கிறதும் வாய் தவறியா வரும்?"



ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது மறுமுனையில் மூச்சு வாங்குகிற ஒரு குரல். "தாயி, எனக்கு வந்திருக்கிறது நீ குடுத்த உசுரு." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாத, நானும் பேசக் கூடாதுன்னுருக்காங்க. இத மட்டும் சொல்லணும்னு கெடந்தேன்" என்று வைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று காதுவரை வளர்ந்திருந்த முடியின்மேல் விக் வைத்துப் பூ அலங்காரம் செய்தார்கள். மறுவாரம் பாலசமுத்திரத்தில் குளித்துவிட்டு வந்து கொல்லைப்பக்கம் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கீழே வெயில் அதிகம். முடி காயக் காய ஒவ்வொன்றாகச் சுருண்டு மேலே ஏறியது. பின்னால் அத்தை நிற்பது எனக்குத் தெரியாது.

"போட்டோவுல நேரா இருந்துச்சே," என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. கையை நீட்டி ஒரு சுருளைத் தொட்டு, இழுத்து, விட்டுப் பார்த்தார். அது துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"முருகன் மாத்திக் குடுத்திருக்கான் பாரு. எறக்குனா முடி மாறி வரும்னு சொல்லுவாங்க. ஒனக்கு எப்படி வந்திருக்கு."

அதோடு என் தலைமுடியின் அந்தஸ்து உயர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட முடியை, வீட்டுக்கு வருகிறவர்களிடம் அத்தை கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் அவரே எண்ணெய் தேய்த்துவிடுவார். அடியிலிருந்து ஆரம்பித்து, சிக்கை விரலாலேயே பிரித்து, மேலே வந்துதான் சீப்பைத் தொடுவார். என் முடியை இழுக்காமல் சீவிய முதல் ஆள் அவர். அவர் மடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எனக்குத் தூக்கம் வரும். தூக்கத்தின் ஓரத்தில் பயமும் வரும். இந்தக் கைக்கு நான் தகுதியானவள் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம், தகுதி என்ன தகுதி, மருமகள் தலையில் மாமியார் எண்ணெய் வைப்பதற்கு ஒரு பொய் வேண்டுமா என்று கோபம் வரும்.

ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, பழைய ஆசையில் பெட்டியிலிருந்து கம்பியை எடுத்துச் சொருகினேன். அத்தை வந்து சுவிட்சை அணைத்தார்.

"சாமி குடுத்ததுல சூடு வைக்கிறதா? ஆகாது தாயி. அப்படியே வா. அதுதான் அழகு."

என் இருபத்தாறு வருஷ வாழ்க்கையில் இப்படி ஒருத்தர் சொன்னதில்லை. அப்படியே போனேன். கல்யாண வீட்டில் யாரோ பின்னால் நின்று சிரித்தார்கள். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டது.

மனசு கேட்காமல் ஒருநாள் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, ஸ்டவ், கம்பளிக் குல்லாய், பஸ் ஸ்டாண்டில் உருண்ட தக்காளி எல்லாம். குல்லாயில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மாவுன்னு நெனைச்சா வச்சாங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அம்மாட்ட மட்டும் சொல்லிராத."

"எத்தனை நாளைக்குங்க?"

"அவங்க நடமாடிக்கிட்டு இருக்கிறது பாதி வால்வால, பாதி ஒன் முடியால. அதுல பாதியப் பிடுங்கணுமா?"

எனக்கு அது சரியென்று படவில்லை. ஆனால் அவருடைய அம்மா; அவர் சொல்கிறார். விட்டுவிட்டேன். என் அம்மாதான் பாவம், சம்பந்தி வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். கூப்பிட்டால், "மாவு சோலி கெடக்கு" என்பாள். வந்தாலும் அத்தை என் முடியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

சில வருஷங்கள் இப்படியே ஓடின. என் முடி இடுப்புவரை வளர்ந்தது.

போன மழைக்காலத்தில் அத்தைக்குத் தோப்பிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் மூச்சு இரைத்தது. கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மதுரையில் பார்த்த டாக்டர், இருதயம் தளர்ந்துவிட்டது, இன்னொரு ஆப்பரேஷன் தாங்காது, உடனே சேர்த்து ஊசி மருந்தில்தான் பார்க்க வேண்டும் என்றார். அத்தை சேர மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. "போவோம், போவோம்" என்று நாளைத் தள்ளினார். கணவர் கெஞ்சினார், நாத்தனார் சண்டை போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினார்.

ஒருநாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் என் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும் தாயி. கேக்கக் கூச்சமா இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. கரண்டி கையிலேயே இருந்தது.

"இன்னொரு தடவ குடுப்பியா?"

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் சரியாகும். முடியில என்ன இருக்கு?"

"மொதல்ல முடி, அப்புறம் ஆஸ்பத்திரி. போன தடவ அந்த வரிசையிலதான் நடந்துச்சு."

இதற்காகத்தான் அத்தனை நாளைத் தள்ளினார். கேட்க வாய் வராமல், கேட்காமல் போகவும் மனசு வராமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. கரண்டியை வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"அத்தை, போன தடவை நான்..."

"தெரியும் தாயி. போன தடவ நான் கேக்காமலே குடுத்த. இப்பக் கேட்டு வாங்குறேன். அதான் வெக்கமா இருக்கு."

அவர் கண்கள் நிரம்பி நின்றன. சொல்லியிருக்க வேண்டும் என்கிறவர்கள் அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். மூச்சு விட முடியாத ஒருத்தர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது வெறும் அட்டைப்பெட்டி க்ரீம் என்று எப்படிச் சொல்வது?

"குடுக்குறேன் அத்தை. இப்பவே போறேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பினேன். கணவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். முடி இறக்குகிற இடத்தில் உட்கார்ந்ததும் பின்னலை அவிழ்த்தேன். அத்தை முந்தின வெள்ளிக்கிழமை உட்கார முடியாமல் உட்கார்ந்து வைத்த எண்ணெய் இன்னும் வாசம் அடித்தது. சுருள்கள் மடியில் விழ விழ, என்னால் தாங்க முடியவில்லை. அழுதேன். இந்த முடிமேல் எனக்கு இவ்வளவு ஆசை இருந்தது எனக்கே தெரியாது. அதை ஆசைப்படக் கற்றுக்கொடுத்தவருக்காகத்தான் அது போகிறது.

மலைக்கு நடந்தே ஏறினேன். சந்நிதியில் இந்தத் தடவை கண்ணை மூடினேன். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனாலும் கேட்டேன். பழைய பொய்க்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், அவரை விட்டுவிடு என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் தள்ளும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் ஆயுசில் நான் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைக் குனியச் சொல்லி, உள்ளங்கையை என் தலையில் வைத்தார். சந்தனம் அவர் கையில் ஒட்டியது. "போதும், கெளம்புங்க" என்றார். அவரே பையில் சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடம் என் தலையைக் காட்டி, "எம் மருமக எனக்காகக் குடுத்தது. ரெண்டாவது தடவ" என்று சொன்னார். கால் வீக்கம் குறைந்தது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். இட்லியைப் பாதி தின்றுவிட்டு, "ஒங்கம்மா மாவு மாதிரி வராது" என்றார்.

மறுவாரம் இறந்துபோனார். கொஞ்சம் முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

காரியம் முடிந்த அன்று மத்தியானம், கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். நான் தலையில் முந்தானையைப் போட்டிருந்தேன். உள்ளே முள் முள்ளாக முடி கிளம்ப ஆரம்பித்திருந்தது. என் கணவர் காபித் தம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கமிருந்து வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்த நாத்தனார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர் அவர். கெட்ட மனசுக்காரர் கிடையாது.

"போன தடவ யாரும் கேக்காம, நீயா மனசாரக் குடுத்த. சாமி வாங்கிக்கிச்சு," என்றார். "இந்தத் தடவ அம்மா கேட்டதுக்காகத்தான குடுத்த? மனசு வச்சுக் குடுக்கலேல்ல?"

தட்டோடு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர். "அக்கா" என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. இல்லை என்று நான் சொன்னால் எது பொய், எது நிஜம் என்று சொல்ல வேண்டும். அத்தை இத்தனை வருஷம் ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டியதைக் காரியம் முடிந்த அன்றே குப்பையில் போட வேண்டும்.

"ஆமாங்க அண்ணி," என்றேன்.